டாஷ்போட் லைற் மங்கிப்போச்சு, எல்லாத்தையும் எல்ஈடிக்கு மாத்தட்டோ?

2023 ஒக்ரோபர் 7, வந்த கேள்வி

"என்னட்டை 1971 எம்ஜிபி ஜிரி, பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார், ஒண்டு இருக்கு. இரவில மீற்றர் ஒண்டும் தெரியேல்ல. 40 எங்க, 50 எங்க எண்டு தடவிப் பாக்கிற அளவுக்கு மங்கல். மீற்றர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கிற டிம்மர் குமிழ் முழுக்கத் திருப்பித்தான் கிடக்கு. பழைய பல்ப் எல்லாம் இப்பிடித்தான், எல்ஈடி வாங்கிப் போட்டால் ஒரு மணித்தியால வேலை எண்டு தெரிஞ்ச ஒருத்தர் சொல்லுறார். மாத்தட்டோ?"

2023 ஒக்ரோபர் 7, இரவு 10:40

பொறும் தம்பி. பல்ப்பில கை வைக்க முதல் கறுப்பு வயரைப் பாரும்.

என்ரையும் 1971 தான். நானும் உதே கேள்வியோடதான் துவங்கினனான். ரெண்டு பெட்டி பல்ப், ஒரு கார்ப்பெற், வீட்டில மூண்டு நாள் மனிசியோட கதை பேச்சு இல்லை. இவ்வளவும் போனாப் பிறகுதான் கறுப்பு வயரிட்ட வந்து சேந்தனான்.

இந்தக் காரில மீற்றரைப் பிடிச்சிருக்கிறது ஸ்குரூ இல்லை. பின்பக்கம் 'ப' எழுத்து மாதிரி வளைஞ்ச தகரம் ஒண்டு. அதை இழுத்துப் பிடிக்க, விளிம்பில வரி வெட்டின பித்தளை நட், கையாலயே திருகலாம். அந்த நட்டுக்குக் கீழதான் கறுப்பு வயரின்ர வளையம் இருக்கும். ஏர்த் எண்டால் கரண்ட் கார் உடம்பால பற்றரிக்குத் திரும்பிப் போற வழி. பல்ப் ஹோல்டருக்கெண்டு தனி ஏர்த் வயர் கிடையாது, அது மீற்றரின்ர முதுகில சும்மா குத்திக்கொண்டு நிக்கும். ஹோல்டர் மீற்றர் உடம்பைத் தொடவேணும், உடம்பு தகரத்தைத் தொடவேணும், தகரம் நட்டை, நட் வளையத்தை. அம்பது வருசக் கறளும் களிம்பும் இந்த ஒவ்வொரு தொடுப்பிலயும் கொஞ்சம் கொஞ்சமாக் குந்தியிருந்தால் பாவம் பல்ப் என்ன செய்யும்?

ஒரு சின்னச் சோதனை. சைட் லைற்றைப் போட்டிட்டு இண்டிக்கேற்றரைப் போடும். மீற்றர் வெளிச்சமும் அதோட சேந்து துடிச்சால் ஏர்த்தில பிழை. பாத்திட்டு எழுதும்.

2023 ஒக்ரோபர் 8, விடிய

நேற்று எழுத மறந்தது. பற்றரியைக் கழட்டாமல் டாஷுக்குக் கீழ கை விடாதையும். மண்ணிற வயர் சாவி இல்லாட்டிலும் கரண்டோடதான் நிக்கும், அதுக்குப் பியூஸும் இல்லை. அதில ஸ்பனர் ஏர்த்தோட சேத்துப் பட்டால் உருகுறது ஸ்பனர் இல்லை, வயர்.

உம்மட காரில பொனற்றுக்குள்ள பற்றரியைத் தேடித் திரிய வேண்டாம். சீற்றுக்குப் பின்னால கார்ப்பெற்றைக் கிளப்பினால் ஒரு மூடி. அதுக்குக் கீழ ரெண்டு 6 வோல்ற் பற்றரி, தொடுத்து 12 ஆக்கியிருப்பினம். 1974 வரைக்கும் அப்பிடித்தான் வந்தது. முந்தின சொந்தக்காரர் ஒற்றை 12க்கு மாத்தியிருக்கவும் கூடும்.

2023 ஒக்ரோபர் 8, பின்னேரம்

நிறம் கேட்டிருக்கிறீர். சிவப்பு எண்டால் சைட் லைற். சிவப்பில வெள்ளைக் கோடு எண்டால் டிம்மரைத் தாண்டி மீற்றர் பல்புக்குப் போறது. கறுப்பு ஏர்த். பச்சை, சாவி திருப்பினாப் பிறகு பியூஸுக்குள்ளால வாறது. வெள்ளையும் சாவி திருப்பினாப் பிறகுதான், ஆனா பியூஸ் இல்லை. ஊதா எப்பவும் கரண்ட், பியூஸோட. இது எம்ஜிக்கு மட்டுமில்லை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார் எதைத் திறந்தாலும் ஏறக்குறைய இதே நிறம்தான். ஒரு காரில படிச்சால் எல்லாத்துக்கும் உதவும்.

ஒரு எச்சரிக்கை. அம்பது வருசத்தில சிவப்பும் மண்ணிறமும் ஒரே நிறமா மாறிப்போம். வயரின்ர நுனியைப் பாராமல், சுத்துத் துணிக்குள்ள ஒளிச்சிருக்கிற இடத்தை ஒரு அங்குலம் பிரிச்சுப் பாரும்.

2023 ஒக்ரோபர் 14

இண்டைக்கு மழை, வேலை இல்லை, ஆறுதலா எழுதுறன். நீர் சோதிச்சுப் பாக்கேல்ல எண்டு தெரியுது. பரவாயில்லை, எப்பிடி உள்ள போறது எண்டதைச் சொல்லிவைக்கிறன்.

ஓட்டுறவற்ர சீற்றைக் கழட்டும். நாலு போல்ற்தான். கழட்டாமலே செய்யலாம் எண்டு சொல்லுறவை எல்லாம் ஒண்டில் மெலிஞ்ச ஆக்கள், இல்லாட்டி ஒருநாளும் செய்யாத ஆக்கள். நான் முதல்தரம் சீற்றோட முயற்சி செய்தனான். கால் ரெண்டும் சீற்றின்ர முதுகில, தலை பிரேக் பெடலுக்குக் கீழ, வாயில ரோச். அந்த நேரம் பார்சல் கொண்டு வந்த பெடியன் கண்ணாடியில தட்டி "சுகமா இருக்கிறீங்களோ" எண்டு கேட்டவன்.

இனி முக்கியமான கட்டம். சின்ன மீற்றர் ரெண்டில ஒண்டு ஓயில் பிரஷரும் தண்ணிச் சூடும் சேர்ந்தது. அதுக்குப் பின்னால வயர் மட்டும் இல்லை. ஒரு மெல்லிய பைப்புக்குள்ளால எஞ்சின் ஓயிலே நேர மீற்றருக்கு வருது. மற்றது சுருண்ட மயிர் மாதிரி ஒரு செப்புக் குழாய், எஞ்சின் தண்ணியின்ர சூட்டைக் கொண்டு வாறது. அந்தக் குழாய் ஒருக்கா மடிஞ்சால் மீற்றர் போச்சு, கடையில குடுத்து நிரப்ப வேண்டியதுதான். அதால இந்த மீற்றரை முழுக்க வெளிய இழுக்காமல், தகரத்தைத் தளர்த்தி, பல்ப் ஹோல்டரை மட்டும் விரலால தட்டி எடுக்கப் பாரும்.

ஓயில் பைப்பைக் கழட்டத்தான் வேணும் எண்டால், அந்த முடிச்சுக்குள்ள ஒரு சின்னத் தோல் வொஷர் இருக்கு. சட்டைப் பொத்தானிலயும் சின்னன், ஓயில் ஊறிக் கறுத்து, பைப்பின்ர வாயோட ஒட்டிக்கொண்டிருக்கும். நான் கழட்டேக்க அது விழுந்தது எனக்குத் தெரியேல்ல. திருப்பிப் பூட்டி, எஞ்சினை ஸ்ராட் பண்ணி, லைற்றைப் போட்டு, அழகு பாத்துக்கொண்டு இருந்தனான். முழங்காலில சூடா ஏதோ சொட்டுது. ஹீற்றர் தண்ணியாக்கும் எண்டு நினைச்சன். எஞ்சின் ஓடேக்க அந்தப் பைப்புக்குள்ள சதுர அங்குலத்துக்கு 60 இறாத்தல் மட்டில அழுத்தம், சொட்டு எப்ப தாரை ஆகுது எண்டு தெரியாது. கார்ப்பெற் போனது அப்பதான். மேல சொன்ன மூண்டு நாளும் அப்பதான். கழட்டின காற்சட்டையைக் கொண்டுபோய் அவவின்ர உடுப்போட சேத்து மெசினுக்க போட்டனான்.

வொஷர் சதம் பெறாத சாமான். முதலே நாலு வாங்கி வையும்.

2023 ஒக்ரோபர் 15

இந்தக் காரின்ர மின்சாமான் செய்த லூக்காஸ் கம்பனிக்கு 'இருளின் இளவரசன்' எண்டு பேர் இருக்குத் தெரியாதோ எண்டு ஒருத்தர் எழுதியிருக்கிறார். தெரியும் அண்ணை. வெள்ளைக்காரர் அம்பது வருசமாச் சொல்லிச் சிரிக்கிற பகிடி. நான் சிரிக்கமாட்டன். அரை நூற்றாண்டு இங்கிலாந்து மழையில கிடந்த எந்தக் கம்பனி முடிச்சும் கறள் பிடிக்கும். என்ர காரில நான் கண்ட பிழை பத்தில எட்டு, இடையில வந்த சொந்தக்காரர் ரேடியோ பூட்ட, அலாரம் பூட்ட எண்டு வயரை வெட்டி ரேப் சுத்தின இடத்திலதான். ஒரு இடத்தில முறுக்கி நுனியில சூயிங்கம் ஒட்டியிருந்தது. எந்தப் பெக்ரரியிலயும் சூயிங்கம் போடமாட்டினம்.

2023 ஒக்ரோபர் 29

இப்ப எல்ஈடி கதை. நான் எல்ஈடிக்கு எதிரி இல்லை. ஆனா ஒரு இடத்தில போட்டால் காரே நிக்கும், அதை ஒருத்தரும் எனக்குச் சொல்லித் தரேல்ல.

சாவியைத் திருப்ப எரியிற சிவப்பு இக்னிஷன் லைற் இருக்கெல்லோ. அது சும்மா அறிவிப்பு விளக்கு எண்டுதான் நினைச்சிருந்தன். இல்லை. எஞ்சின் ஓடேக்க கரண்ட் செய்து பற்றரியை நிரப்புற ஓல்டனேற்றர் வேலை துவங்க உள்ளுக்க முதலில கொஞ்சம் காந்தம் ஏறவேணும். அந்த முதல் கரண்ட் போறதே இந்தப் பல்ப்புக்குள்ளாலதான். 2.2 வாற் பல்ப் எண்டால் 0.18 அம்பியர் மட்டில விடும். எல்ஈடி 0.02 கூட விடாது. நான் 'எல்லாத்தையும்' மாத்தேக்க இதையும் மாத்திப்போட்டன்.

எஞ்சின் ஓடேக்கயும் அந்தச் சிவப்பு லேசா மினுங்கிக்கொண்டு இருந்தது. எல்ஈடி எண்டால் அப்பிடித்தான் கசியும் எண்டு நானே எனக்கு விளக்கம் சொல்லிக்கொண்டு வெம்பிளிக்கு மரக்கறி வாங்கப் போனனான். மழை, வைப்பர், ஹெட்லைற், ஹீற்றர். திரும்பி வரேக்க வைப்பர் கிழவன் நடக்கிற மாதிரி நடந்துது. பிறகு நிண்டுது. முருங்கைக்காய் கட்டைக் கையில பிடிச்சுக்கொண்டு றோட்டில நிண்டனான்.

பிறகுதான் விளங்கினது, எஞ்சினை நல்லா முறுக்கினால் மட்டும் ஓல்டனேற்றர் தானா முழிச்சுக்கொள்ளும். மெல்ல ஓடினால் நித்திரை. அந்த ஒரு இடத்துக்குப் பழைய பல்ப்பைத் திருப்பிப் போட்டன், கதை முடிஞ்சுது. எல்ஈடிதான் வேணுமெண்டு அடம்பிடிச்சால் அதுக்குப் பக்கத்தில 68 ஓம், 5 வாற் ரெசிஸ்ரர் ஒண்டைச் சமாந்தரமாத் தொடுக்கவேணும். அது சுடும், பிளாஸ்ரிக்கில முட்டவிடாதையும். ஒரு பல்ப்பைத் தவிர்க்க ஒரு ஹீற்றர் பூட்டுற வேலை.

2023 ஒக்ரோபர் 30

1965 கார் வைச்சிருக்கிற அண்ணைக்கு: உங்கட காரில ஓல்டனேற்றர் இல்லை, டைனமோ. மேல சொன்ன பிரச்சினை உங்களுக்கு வராது. வேற பிரச்சினை வரும். 1967 கடைசி வரைக்கும் வந்த எம்ஜிபி பொசிற்றிவ் ஏர்த். பற்றரியின்ர கூட்டல் பக்கம்தான் உடம்போட கட்டியிருக்கும். சாதாரண எல்ஈடியைப் போட்டால் தலைகீழா நிண்டு, எரியாது. இடையில ஒருத்தர் நெகற்றிவ்வுக்கு மாத்தியிருக்கவும் கூடும், அதால புத்தகத்தை நம்பாமல் பற்றரியைப் பாருங்கோ. பழைய இழைப் பல்ப்புக்கு எந்தப் பக்கமும் ஒண்டுதான், அது சாதி பாக்காது.

2023 நவம்பர் 11

தம்பி கடைசியா மல்ரிமீற்றர் வாங்கிட்டார். இலக்கம் போட்டிருக்கிறார்: பற்றரி 12.5. டிம்மருக்குள்ள போற சிவப்பு 12.1. டிம்மரை விட்டு வெளிக்கிடுற சிவப்பு-வெள்ளை 7.6. லைற் எரியேக்க மீற்றர் உடம்புக்கும் பற்றரி நெகற்றிவ்வுக்கும் இடையில 0.1.

அப்ப நான் ஒரு மாசமா ஏர்த், ஏர்த் எண்டு கத்தினது உம்மட காருக்குப் பொருந்தாது. உம்மட ஏர்த் பொன் மாதிரி. என்ரையில அந்த 0.1 இருந்த இடத்தில 1.9 நிண்டது, அதுதான் எனக்கு உலகத்தில எல்லாக் காருக்கும் ஏர்த்தான் வருத்தம் எண்டு பட்டிருக்கு. பிழை என்ர.

உம்மட கள்ளன் டிம்மர். முழுக்கத் திருப்பி வைச்சாலும் நாலரை வோல்ற் அதுக்குள்ள சாகுது. இழைப் பல்ப்புக்கு வோல்ற் பத்து வீதம் குறைஞ்சால் வெளிச்சம் முப்பது வீதம் மட்டில குறையும், நேர்க்கணக்கு இல்லை. 12.1 வரவேண்டிய இடத்தில 7.6 எண்டால் உமக்குக் கிடைக்கிறது ஐஞ்சில ஒரு பங்கு. தடவிப் பாத்ததில பிழையில்லை.

அந்தக் குமிழுக்குப் பின்னால பீங்கான் மாதிரி ஒரு வளையத்தில கம்பி சுத்தியிருக்கும், அதுக்கு மேல ஒரு தகர நாக்கு ஓடும். ஒருத்தரும் அதைத் திருப்புறதில்லை, ஒரே இடத்தில நிண்டு கம்பியும் நாக்கும் கறுத்துப் போம். தொடுப்புத் துப்பரவாக்கிற ஸ்பிறேயை அடிச்சிட்டு, ரீவி பாத்துக்கொண்டு அம்பதுதரம் அங்கயும் இஞ்சயும் திருப்பும். சரிவராட்டி ரெண்டு முனையையும் ஒரு துண்டு வயரால நேர தொடுத்துவிடும். குமிழை மட்டும் எறியாதையும், டாஷில ஓட்டை தெரியும்.

2023 நவம்பர் 12

கூட ஒண்டு. குமிழையோ சுவிற்சையோ கழட்டேக்க முன்னால ஒரு வட்ட வளையம் இருக்கும், அதில எதிரெதிரா ரெண்டு சின்ன வெட்டு. குறட்டால பிடிக்காதையும். குறடு வழுக்கினால் டாஷில கீறல். இங்கிலாந்துக் காரில அந்தக் காலம் தகர டாஷ், சுருக்கம் விழுந்த கறுப்புப் பெயின்ற், அதுக்குத் தொட்டுப் பூச வழி கிடையாது. முழு டாஷையும் கழட்டி அடிக்கவேணும். வட்டம் கீறுற கொம்பாஸின்ர காலை ரெண்டு வெட்டுக்குள்ளயும் விட்டுத் திருப்பும். என்ர மகளின்ர கணிதப் பெட்டியில இருந்து எடுத்தது, இன்னும் திருப்பிக் குடுக்கேல்ல.

2023 டிசம்பர் 2

நத்தார் லைற்றுக்கு ஏணியில ஏறி நிக்கேக்க ஞாபகம் வந்தது, எழுதாட்டி மறந்திடுவன்.

மீற்றருக்குள்ள போற பல்ப் திருகுற வகை, 12 வோல்ற், 2.2 வாற், 987 எண்டு இலக்கம். அதின்ர மரை எங்கட சைக்கிள் லைற் பல்ப்பின்ர அதே மரை. ஒண்டை எடுத்து மற்றதில திருகலாம். லூக்காஸும் சைக்கிள் லாம்பு செய்துதான் பெரிய ஆளான பேர்மிங்ஹாம் கம்பனி.

1993, யாழ்ப்பாணம். கரண்ட் இல்லை, பெற்றோல் இல்லை. மாமாட்ட ஒஸ்ரின் ஏ40 சமர்செற். ஸ்ராட் பண்ணக் கொஞ்சம் பெற்றோலைக் காபிரேற்றருக்குள்ள காட்டி, சூடேறினாப் பிறகு மண்ணெண்ணெயில ஓடும். பின்னால வாறவன் கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் வருவான். அந்தக் காரின்ர மீற்றர் பல்ப் செத்துப்போச்சு. கடையில கார்ப் பல்ப் கிடையாது, சைக்கிள் பல்ப் இருந்தது. ஆனா அது 6 வோல்ற், கார் 12. மாமா ஒண்டைத் திருகினார், ஒரு மின்னல், அவ்வளவுதான்.

அடுத்த நாள் ரெண்டு பல்ப் வாங்கி வந்தார். ஒண்டை மீற்றருக்குள்ள திருகினார். மற்றதுக்கு, வாற வயரை வெட்டி, இடையில தொடுத்து, உடம்பில முட்டாமல் சைக்கிள் ரியூப்பால சுத்தி டாஷுக்குக் கீழ தொங்கவிட்டார். ஆளுக்கு 6. ரெண்டும் எரிஞ்சுது. ஒண்டு மைல் காட்டினது, மற்றது எங்கட காலைக் காட்டினது. முன்சீற்றில நாலுபேர் நெருக்கிக்கொண்டு போகேக்க ஆற்ர செருப்பு ஆற்ர காலில எண்டு வடிவாத் தெரியும்.

அபிங்டனில எம்ஜி செய்தவை ரெண்டு 6 வோல்ற் பற்றரியைத் தொடுத்து 12 ஆக்கினவை. மாமா ரெண்டு 6 வோல்ற் பல்ப்பைத் தொடுத்து அந்த 12ஐப் பங்கு போட்டவர். மாமா எம்ஜியைக் கண்டதுமில்லை.

2023 டிசம்பர் 9

ஏர்த்தும் சரி, டிம்மரும் நேர தொடுத்தாச்சு, 11.8 வோல்ற் பல்ப்புக்கு வருது, இன்னும் என்ர கார் திருப்தியில்லை எண்டு முந்தி ஒருதரம் நிண்டனான். அந்த மிச்சம் எங்க போனது எண்டதை இப்பதான் எழுதுறன், ஏனெண்டால் இதில நான் ரெண்டுதரம் மனம் மாறினனான்.

இந்தக் காரில இருக்கிற ஸ்மித்ஸ் கம்பனி மீற்றருக்குள்ள பல்ப் நேர முகத்தில அடிக்கிறதில்லை. உள்சுவரில வெள்ளைப் பெயின்ற், அதில பட்டுத் தெறிச்சுத்தான் வெளிச்சம் சுத்திவர முன்னுக்கு வருது. என்ரையைத் திறந்தால் அந்த வெள்ளை, பழைய வீட்டுக் குசினிச் சுவர் மாதிரி மண்ணிறமா இருந்தது. பல்ப்புக்கு முன்னால இருந்த பச்சைப் பிளாஸ்ரிக் துண்டும் கருகிப்போயிருந்தது.

திறக்கிறது பயப்பிடுற அளவுக்கு இல்லை. முன்வளையத்தை மெல்லச் சுத்தினால் அதின்ர பல்லு உடம்பில இருக்கிற வெட்டுக்கு நேர வரும், கழண்டு வரும். சுத்தமாட்டன் எண்டால் றபர் இறுகியிருக்கு, முடி காயவைக்கிற மெசினால கொஞ்சம் சூடு காட்டும். வளையம் மெல்லிசு, நெருக்கினால் நெளிஞ்சுபோம். முகத்தட்டில விரல் படக்கூடாது, முள்ளில மூச்சும் படக்கூடாது. சின்னத் தூரிகையால உள்சுவருக்கு வெள்ளை அடிச்சன். நான் அடிச்சது சமையலறைச் சுவருக்கு வாங்கி மிஞ்சினது. ரெண்டு நாள் திறந்து காயவிட்டிட்டு மூடினன், அவசரப்பட்டு மூடினால் பெயின்றின்ர புகை கண்ணாடியில படியும்.

அண்டைக்கு இரவு கராஜ் கதவை மூடிப்போட்டு லைற்றைப் போட்டன். பச்சை வெளிச்சம் தட்டைச் சுத்தி ஒரே சீரா, இலக்கத்தின்ர விளிம்பு தெரியிற மாதிரி. மனிசியைக் கூட்டிக்கொண்டு வந்து காட்டினன். "இதுக்கோ" எண்டு கேட்டிட்டுப் போட்டா.

இதே காரணத்துக்குத்தான் எல்ஈடி என்ர மீற்றரில தோத்தது. நான் வாங்கினது நுனியில மட்டும் வெளிச்சம் அடிக்கிற வகை. ஒரு இடத்தில ரோச் அடிச்ச மாதிரி வெளிச்சம், மற்றப் பக்கம் இருட்டு. இப்ப சுத்திவர எரியிற எல்ஈடி வருது, அது பறவாயில்லாமல் இருக்கும். அதால முதல் நாள் 'பொறும்' எண்டு சொன்னதைத் திருத்துறன்: இக்னிஷன் லைற்றைத் தவிர்த்து, மற்றதெல்லாம் சரியாக்கினாப் பிறகு, அப்பவும் ஆசை இருந்தால் மாத்தும்.

2023 டிசம்பர் 16

பெற்றோல் மீற்றர் பற்றிக் கேட்டவருக்கு. டாஷ் வேலைக்குப் பிறகு முள் 'F' ஐத் தாண்டி நிக்குது எண்டால் சந்தோசப்படாதையுங்கோ. நான் பட்டனான்.

டாஷுக்குப் பின்னால சின்னச் சதுரத் தகரப்பெட்டி ஒண்டு இருக்கு, வோல்ற்றேஜ் ஸ்ரெபிலைசர். உள்ளுக்க ஒரு ஈருலோகத் தகடு, அதில சுத்தின சூட்டுக் கம்பி. சூடாகத் தகடு வளைஞ்சு கரண்டை வெட்டும், ஆறத் திருப்பித் தொடும். வெட்டி வெட்டி, சராசரிக்கு 10 வோல்ற் மீற்றருக்குப் போகும். மீற்றரும் சூட்டில அசையிற மந்தமான ஆள், இந்தத் துடிப்பு அதுக்குத் தெரியாது. ஆனா சூட்டுக் கம்பிக்கு ஏர்த் வேணும், அது பெட்டியின்ர உடம்பாலதான் வருது. பெட்டியைப் பூட்டின ஸ்குரூ தளர்ந்தாலோ, என்னை மாதிரி அந்த இடத்துக்கு வடிவாப் பெயின்ற் அடிச்சுப்போட்டுப் பூட்டினாலோ, கம்பி சூடாகாது, தகடு ஒருநாளும் விடாது, முழு 12ம் மீற்றருக்கு.

ஒரு கிழமையா முள் இறங்கேல்ல. வேலை செய்த கையோட காரும் சிக்கனமாப் போச்சு எண்டு நினைச்சன். பெற்றோல் முடிஞ்சு நிண்டது லண்டன் ஏ40 றோட்டில, பின்னேரம் ஐஞ்சரை மணிக்கு. மாமாவின்ர ஏ40 மண்ணெண்ணெயிலயும் ஒருநாளும் நடுவழியில நிக்கேல்ல. என்ர எம்ஜி ஏ40க்கு மேலயே நிண்டுது.

கண்டீரோ, இதுவும் ஏர்த்தான். நவம்பர் 11 அன்று நான் கேட்ட மன்னிப்பில பாதியைத் திருப்பி எடுக்கிறன்.

2024 ஜனவரி 6

நத்தாருக்கு மாமாவோட வட்ஸ்அப்பில கதைச்சன். இந்தப் பல்ப் கதையை எழுதியிருக்கிறன் எண்டு வாசிச்சுக் காட்டினன். கேட்டிட்டுச் சொன்னார்:

"முதல் பல்ப்பைத் திருகினது நானில்லையடா, நீ. நான் வேண்டாம் எண்டு சொல்லச் சொல்லத் திருகினனீ. வெடிச்ச உடன அம்மாட்ட ஓடினனீ."

நான் முப்பது வருசமா வேற மாதிரி நினைச்சுக்கொண்டிருக்கிறன். எனக்கு அந்த மின்னல் ஞாபகம், மாமாவின்ர கை ஞாபகம், என்ர கை ஞாபகம் இல்லை. மாமி பக்கத்தில இருந்து "ஓம், ஓம்" எண்டவ. ரெண்டு சாட்சி. டிசம்பர் 2 குறிப்பை அழிக்கேல்ல, இதைச் சேத்து வாசியுங்கோ.

பிறகு மாமா கேட்டார், அங்க கடையில பல்ப் கிடைக்குதெல்லோ எண்டு. கிடைக்குது எண்டன். பிறகென்ன மூண்டு மாசமா எழுதிக்கொண்டிருக்கிறாய் எண்டார்.

2024 ஜனவரி 7

குறிப்புக்கு: 40 வருசம் தாண்டின கார் எண்டால் 2018 மேயில இருந்து இஞ்ச எம்ஓரி எண்ட வருசாந்தக் கார்ப் பரிசோதனை பார்க்கத் தேவையில்லை. அதால வருசத்துக்கு ஒருக்கா எண்டாலும் லைற்றைப் பாக்கிற மனிசனும் இப்ப இல்லை. பின் லைற் எரியுதோ எண்டு நீங்களே இறங்கிப் பாருங்கோ. டாஷுக்குள்ள கை விட்டால் வேற எங்கயாவது ஒரு முடிச்சு கழண்டிருக்கும், அது விதி.

2024 ஜனவரி 20

தம்பி எழுதியிருக்கிறார். ஸ்பிறே அடிச்சுத் திருப்பிப் பாத்து, பொறுமை போய், டிம்மரைக் கழட்டி வைச்சிட்டு வயரை நேர தொடுத்தாராம். உள்சுவருக்கு வெள்ளையும் அடிச்சாராம். சுத்திவர எரியிற எல்ஈடியும் போட்டாராம், இக்னிஷன் லைற்றை விட்டிட்டு. மூண்டையும் ஒரே சனிக்கிழமையில.

இப்ப அவற்ர கேள்வி: "வெளிச்சம் கூடிப்போச்சு அண்ணை. முன்கண்ணாடியில மீற்றர் முழுக்கத் தெறிக்குது, றோட் தெரியேல்ல. குறைக்கிறதுக்கு ஏதாவது சாமான் இருக்கோ?"

இருக்கு. குமிழை எறிஞ்சிட்டீரோ?